அவள் பற்றவைக்காத பீடி

தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையின் பிரசவ வார்டு வாசலில் காத்திருக்கும் பாட்டிமார்கள் செவிலியரிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். ஆணா பெண்ணா என்பது ஒன்று. "எத்தனை கிலோம்மா?" என்பது மற்றொன்று. வீட்டாருக்கு முதல் கேள்வி பெரிது. குழந்தை மருத்துவருக்கு இரண்டாவதுதான் பெரிது. 2,500 கிராம் என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது மருத்துவம். அதற்குக் கீழே பிறக்கும் பிள்ளைக்குத் தொற்று எளிதில் வரும், உடல் சூடு நிற்காது, பால் குடிக்கத் தெம்பு இருக்காது. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், எடை பதிவான இந்தியக் குழந்தைகளில் சுமார் 18 விழுக்காட்டினர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள்.

எடை ஏன் குறைந்தது என்று கேட்டால் காரணங்களை எல்லோரும் சொல்வார்கள். ரத்தசோகை, சின்ன வயதுக் கல்யாணம், நாள் முந்திய பிரசவம், நடவு வயலில் ஏழாம் மாதம் வரை குனிந்து செய்த வேலை. எல்லாம் உண்மையான காரணங்கள்தாம். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்து இரும்புச்சத்து மாத்திரை தந்து, ரத்த அழுத்தம் பார்த்து, தடுப்பூசித் தேதி சொல்லிவிட்டுப் போகிறார். அந்த நேரத்தில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருக்கும் கணவரைப் பற்றி யாரும் பெரும்பாலும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பீடியைப் பற்றியது.

நம் நாட்டில் பெண்கள் புகைபிடிப்பது குறைவு. 2016-17ஆம் ஆண்டின் உலகப் பெரியவர்கள் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்திய ஆண்களில் 19 விழுக்காட்டினர் புகைத்தார்கள்; பெண்களில் 2 விழுக்காட்டினர் மட்டுமே. அதே கணக்கெடுப்பில், பெரியவர்களில் 38.7 விழுக்காட்டினர் தங்கள் வீட்டுக்குள்ளேயே பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதாகச் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். மேலை நாடுகளில் கருவிலிருக்கும் குழந்தைக்குப் புகை பெரும்பாலும் தாயின் உதட்டுவழி வந்தது. இங்கே அது அப்பாவிடமிருந்தும், மாமனாரிடமிருந்தும், ஒரே கூரையின் கீழ் இருக்கும் கொழுந்தனிடமிருந்தும் வருகிறது.

பீடியோ சிகரெட்டோ எரியும்போது இரண்டு வகைப் புகை உண்டாகிறது. ஒன்று, புகைப்பவர் இழுத்து வெளியே விடுவது. மற்றது, விரலிடுக்கில் அது சும்மா கனியும்போது நுனியிலிருந்து எழுவது. அறையில் தேங்கும் புகையில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகை. இழுக்கும் நேரத்தில் கங்கு ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகும். சும்மா கனியும்போது சுமார் 600 டிகிரிதான். சூடு குறைந்தால் எரிதல் அரைகுறையாகிறது. அரைகுறையாக எரிந்த புகையில் கார்பன் மோனாக்சைடும் அம்மோனியாவும், புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்களும் கிராமுக்குக் கிராம் அதிகம். புகைப்பவர் இழுக்கும் புகை அவருடைய வாயிலும் நெஞ்சிலும் ஓரளவு படிந்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. பக்கத்தில் இருப்பவருக்கு வரும் நுனிப்புகை எதிலும் வடிகட்டப்படுவதில்லை.

பீடி சின்னது, அதனால் கெடுதலும் சின்னது என்று நம் ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. இந்த எண்ணம் முற்றிலும் தவறு. பீடியில் புகையிலை குறைவுதான், சுமார் கால் கிராம் அளவே இருக்கும். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் தெந்து இலையில் சிகரெட் தாளைப்போல நுண்துளைகள் இல்லை. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்கவேண்டும். அப்படி இழுக்கும் புகையில் கார்பன் மோனாக்சைடு, நிகோட்டின், தார் ஆகியவை சிகரெட்டைவிடக் கூடுதலாக இருப்பதை ஆய்வகங்கள் பலமுறை அளந்து காட்டியிருக்கின்றன.

புகை எந்த வீட்டில் தேங்குகிறது என்பதும் முக்கியம். காவிரி டெல்டாவின் கூலி விவசாயக் குடும்பங்களில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு அறை கொண்ட ஓட்டு வீடுகளிலும், அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகளிலும், இன்னும் சில இடங்களில் கீற்றுக் கொட்டகைகளிலும் வாழ்கின்றன. கோடையில் ஆண்கள் வெளியேதான் இருப்பார்கள், மரத்தடியில், டீக்கடை பெஞ்சில், வாய்க்கால் மதகில். ஐப்பசி, கார்த்திகை அடைமழை பிடித்துவிட்டால் கதை வேறு. சம்பா நடவு முடிந்திருக்கும், வேலை இருக்காது, வெளியே போக முடியாது. கதவும் சன்னலும் சாத்தியிருக்கும். அந்த இரண்டு மாதமும் பீடி உள்ளேதான் எரியும். ஒரு பெண்ணின் கர்ப்பத்தின் எந்தப் பகுதி அந்த மழைக்காலத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்து அவள் வயிற்றுப் பிள்ளை வாங்கும் புகையின் அளவும் காலமும் மாறும்.

இனி, தாயின் மூக்கில் நுழைந்த புகை பிள்ளையை எப்படி எட்டுகிறது என்று பார்ப்போம். கார்பன் மோனாக்சைடு நிறமற்ற, மணமற்ற வாயு. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் இந்த வாயுவைக் கண்டால் பிராணவாயுவை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்ளும். இதன்மேல் அதற்குள்ள பிடிப்பு பிராணவாயுவின்மேல் உள்ளதைப்போல 200 மடங்குக்கும் மேல். தாயின் ரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடு நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் ரத்தத்திலும் ஏறுகிறது. அங்கே தாயிடம் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே சேர்கிறது, இறங்குவதற்கும் அதிக நேரம் எடுக்கிறது. தாய் வெளிக்காற்றுக்கு வந்து தெளிந்த பிறகும் பிள்ளையின் ரத்தம் உடனே தெளிவதில்லை.

கருவிலிருக்கும் குழந்தைக்கு ஏற்கனவே பிராணவாயு தாராளமாகக் கிடைப்பதில்லை. தாயின் தமனி ரத்தத்தில் பிராணவாயுவின் அழுத்தம் சுமார் 95 முதல் 100 மில்லிமீட்டர் பாதரசம். தொப்புள்கொடி வழியே குழந்தைக்குப் போகும் ரத்தத்தில் அது 30ஐ ஒட்டித்தான் இருக்கும். கல்லணையில் கரைபுரண்டு தண்ணீர் போனாலும் கடைமடை வயலுக்கு முறை வைத்து, எண்ணித்தான் வந்து சேரும் அல்லவா, அப்படி. மேலே ஒரு மதகை அரை அடி இறக்கினால் முதல் மடைக்காரருக்குத் தெரியவே தெரியாது, கடைமடையில் பயிர் வாடிவிடும். அம்மாவுக்கு லேசான தலைவலியாக வந்து போகும் புகை, பிள்ளைக்கு ஏன் லேசாக இல்லை என்பதற்கு இதுவே காரணம்.

நிகோட்டின் மதகையே இறுக்குகிறது. அது கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருங்கவைக்கிறது. நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. குழந்தையின் ரத்தத்திலும் பனிக்குட நீரிலும் அது தாயின் ரத்தத்தில் உள்ள அளவுக்கோ அதற்கு மேலோ காணப்படுகிறது. நிகோட்டின் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் கருவின் மூளையில் ஆரம்ப வாரங்களிலேயே தோன்றிவிடுகின்றன. நரம்புச் செல்கள் எங்கே போகவேண்டும், எதனோடு இணையவேண்டும் என்பதற்கு இயற்கை வைத்திருக்கும் சைகைகள் அந்த ஏற்பிகள் வழியாகத்தான் செல்கின்றன. வளரும் நுரையீரலிலும் இதே ஏற்பிகள் உண்டு. புகையில் இருக்கும் காட்மியம் என்ற உலோகம் நஞ்சுக்கொடியில் தங்கிவிடுகிறது; தங்கி, வளர்ச்சிக்கு வேண்டிய துத்தநாகம் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதைக் குறைக்கிறது.

இவையெல்லாம் ஊகம் இல்லை, அளந்து பார்த்தவை. உடலுக்குள் போன நிகோட்டின் கோட்டினின் என்ற பொருளாக மாறுகிறது. ரத்தம், சிறுநீர், உமிழ்நீர், தலைமுடி எல்லாவற்றிலும் அதைக் கண்டுபிடிக்கலாம். தன் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பீடியைத் தொடாத பெண்ணாக இருந்தாலும், வீட்டில் பிறர் புகைத்தால் அவள் பிள்ளையின் தொப்புள்கொடி ரத்தத்தில் அது இருக்கிறது. பிறந்த குழந்தை முதன்முதலாகப் போகும் கருநிற மலத்தில்கூட இருக்கிறது. கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்து குடலில் சேர்ந்த மலம் அது. அந்த மாதங்களில் வீட்டில் புகை இருந்ததா என்பதற்கு அதுவே பதிவேடு.

இதனால் எடை எவ்வளவு குறைகிறது? உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான கணக்கு ஒன்று, பிறர் புகையைச் சுவாசித்த கர்ப்பிணிகளின் குழந்தைகள் சராசரியாக 33 கிராமோ அதற்கு மேலோ எடை குறைந்து பிறந்ததாகச் சொல்கிறது. தாயே புகைத்தால் 150 முதல் 250 கிராம் வரை குறையும். அதோடு ஒப்பிட்டு, 33 கிராம்தானே என்று ஒதுக்கத் தோன்றும். இங்கேதான் கவனம் தேவை. அதே கணக்கில், 2,500 கிராம் கோட்டுக்குக் கீழே விழும் வாய்ப்பு 22 விழுக்காடு கூடியிருந்தது. சராசரி என்பது எல்லோருக்கும் பங்கிட்ட எண். ஒரு பிள்ளைக்கு ஒன்றுமே ஆகாமல் இருக்கலாம், இன்னொரு பிள்ளைக்கு 200 கிராம் போயிருக்கலாம். இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் குழந்தைகளின் சராசரி எடை சுமார் 3.5 கிலோ, புனேக்கு அருகிலுள்ள கிராமங்களில் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் அளந்தபோது சுமார் 2.7 கிலோ. சௌதாம்ப்டன் குழந்தைக்குக் கோடு ஒரு கிலோ தள்ளி இருக்கிறது. நம் குழந்தைகள் கோட்டின் ஓரத்திலேயே பிறக்கிறார்கள். அங்கே பொருட்படுத்தவேண்டாத குறைவு இங்கே ஒரு பிள்ளையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடும்.

தமிழ்நாட்டிலேயே செய்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. 1998 முதல் 2001 வரை மதுரை அரவிந்த் கண் மருத்துவ நிறுவனத்தாரும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தாரும் மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வுக்காகப் பதிவான 11,728 குழந்தைகளின் வீடுகளில் அடுப்புப் புகையும் புகையிலைப் புகையும் இருந்தனவா என்பதையும் குறித்துவைத்திருந்தார்கள். 2009இல் வெளியான முடிவுகளில், விறகும் வறட்டியும் எரித்த வீடுகளில் எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு 49 விழுக்காடு கூடுதல். ஆறு மாதத்தில் எடை குறைந்திருக்கும் வாய்ப்பு 45 விழுக்காடும், உயரம் குறைந்திருக்கும் வாய்ப்பு 30 விழுக்காடும் கூடுதல். புகையிலைப் புகை இருந்த வீடுகளிலும் குழந்தைகளின் எடையும் மூச்சும் பாதிக்கப்பட்டிருந்தன.

இந்த ஆய்வுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர் நல்ல வாசகர். பீடி குடிக்கும் வீடு பெரும்பாலும் ஏழை வீடு. அங்கே சாப்பாடும் குறைவு, வேலையும் கடினம். எடை குறைந்தது புகையாலா பசியாலா? ஆய்வாளர்கள் வருமானம், படிப்பு, தாயின் உயரம் என்று கணக்கில் சேர்த்து நேர்செய்து பார்க்கிறார்கள். இருந்தாலும் ஐயம் முழுக்கத் தீராது. தீர்ப்பதற்குச் சிறந்த வழி, புகையை எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பது.

அப்படி ஒரு சோதனை காவிரிக் கடைமடையிலேயே நடந்திருக்கிறது. ஹாப்பின் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த ஆய்வு இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் நடந்தது. இந்தியாவில் போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார் நாகப்பட்டினத்தையும் கள்ளக்குறிச்சியையும் தேர்ந்தெடுத்தார்கள். மொத்தம் 3,200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் தொடர்ந்து சிலிண்டரும் இலவசம். மறுபாதிப் பேர் வழக்கம்போல விறகு. கேஸ் வந்த வீடுகளில் பெண்கள் சுவாசித்த நுண்துகள் கனமீட்டருக்கு 24 மைக்ரோகிராம் அளவுக்கு இறங்கியது; விறகு வீடுகளில் அது 71. ஆனால் 2022இல் முடிவு வெளியானபோது பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கேஸ் வீட்டுக் குழந்தைகள் சராசரி 2,921 கிராம், விறகு வீட்டுக் குழந்தைகள் 2,898.

பலருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. என் பார்வையில் இது புகையை நிரபராதியாக்கும் முடிவு இல்லை. அந்தப் பெண்கள் ஆய்வில் சேர்ந்தது ஒன்பதாம் வாரத்துக்கும் இருபதாம் வாரத்துக்கும் இடையில். நஞ்சுக்கொடி வேர்விட்டு உருவாகிற முதல் வாரங்கள் விறகுப் புகையிலேயே கழிந்துவிட்டன. அதைவிட முக்கியமாக, விறகுப் புகையும் புகையிலைப் புகையும் ஒன்றல்ல. விறகில் நிகோட்டின் இல்லை. நுண்துகளைக் குறைத்துக் கிடைத்த விடையை நிகோட்டினுக்கும் பொருத்துவது சரியாகாது.

புகையிலைப் புகையை எடுத்துப் பார்த்த சோதனையைச் சட்டங்கள் செய்திருக்கின்றன. ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சில் மூடிய பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. அதற்குப் பிறகு அங்கே குறைப்பிரசவங்கள் குறைந்தன. புகைபிடிக்காத தாய்மாரிடமும் குறைந்தன. குழந்தைகள் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்வது முன்பு ஆண்டுதோறும் கூடிக்கொண்டிருந்தது; தடைக்குப்பின் அது இறங்குமுகமானது. 2014இல் 'லான்செட்' இதழ், வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இத்தகைய சட்டங்கள் வந்த இடங்களில் 25 லட்சம் பிறப்புகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வை வெளியிட்டது. குறைப்பிரசவம் 10 விழுக்காடு குறைந்திருந்தது. ஊர் முழுவதற்கும் ஒரே நாளில் வரும் சட்டம் ஏழை, பணக்காரர் பார்ப்பதில்லை. வீட்டில் அரிசி இருந்ததா இல்லையா என்ற குழப்பம் இந்தச் சான்றில் மிகக் குறைவு. அதனால் இதை நான் நம்புகிறேன்.

பிள்ளை பிறந்த பிறகு புகை நேராக வருகிறது. பெரியவர் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சுவிடுகிறார். பச்சைக் குழந்தை முப்பது முதல் அறுபது முறை. எடைக்கு எடை பார்த்தால் பெரியவரைவிடக் கூடுதல் காற்று அதன் நெஞ்சுக்குள் போய்வருகிறது. மூச்சுக்குழலோ வைக்கோல் தண்டு அளவுதான். சிறிது வீங்கினாலும் இளைப்பு வந்துவிடும். அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2006ஆம் ஆண்டு அறிக்கை, தூக்கத்திலேயே குழந்தை திடீரென இறந்துபோவது, கீழ்மூச்சுக்குழல் தொற்று, நடுக்காதுச் சீழ், நுரையீரல் வளர்ச்சிக் குறைவு ஆகிய நான்குக்கும் பிறர் புகை காரணம் என்பதற்குப் போதுமான சான்று இருப்பதாகத் தீர்ப்புச் சொன்னது. தீங்கு செய்யாத அளவு என்று ஒன்று இல்லை என்றும், சன்னலைத் திறப்பதோ விசிறி போடுவதோ முழுப் பாதுகாப்பு ஆகாது என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

"நான் உள்ள குடிக்கிறதில்லைங்க, திண்ணையிலதான்" என்று பல அப்பாக்கள் சொல்வார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அமெரிக்காவின் சான் டியாகோவில் 2004இல் வெளியான ஆய்வு இந்த நிலையைத்தான் அளந்தது. குழந்தைக்காக வெளியே போய்ப் புகைத்தவர்களின் வீடுகளில், யாருமே புகைக்காத வீடுகளைவிடப் புகையின் எச்சம் 5 முதல் 7 மடங்கு இருந்தது. உள்ளேயே புகைத்த வீடுகளைவிடக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் புகை அவர் சட்டையிலும் மீசையிலும் விரலிலும் ஏறிக்கொண்டு உள்ளே வருகிறது. சுவரிலும் துணியிலும் படிந்த நிகோட்டின் காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு வினைபுரிந்து புதிய நைட்ரோசமைன்களை உண்டாக்குவதை 2010இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் காட்டியது. நம் வீடுகளில் விட்டத்தில் பழைய நூல்சேலையால் தூளி கட்டுகிறோம். பருத்தி, புகையை நன்றாகக் குடிக்கும் துணி. பிள்ளை அதற்குள்ளேதான் முகம் புதைத்துப் பல மணிநேரம் தூங்குகிறது. பிறகு தவழத் தொடங்கினால் தரையைத் தொட்ட கை நேரே வாய்க்குப் போகிறது.

புகை என்று வந்தபிறகு இன்னும் இரண்டைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. குளிப்பாட்டியதும் பிள்ளையின் தலையைக் காயவைக்க சாம்பிராணி போடுகிறோம். பாட்டியின் பாசம் அதில் இருக்கிறது. கரித்துகளும் அதில் இருக்கிறது. துவட்டிவிட்டாலே தலை காய்ந்துவிடும். வாய்க்காலும் வயலும் சூழ்ந்த நம் ஊரில் கொசுவத்தி இல்லாத வீடு இல்லை. ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை போதும், கொசுவலையே நல்லது.

வளர்ச்சிக்கு வருவோம். எடை குறைந்து பிறந்த பிள்ளை அடிக்கடி சளி, இளைப்பு என்று படுக்கிறது. காய்ச்சலில் பால் குடிக்காது. உடலின் சத்து வளர்வதற்குப் போகாமல் தொற்றோடு சண்டைபோடுவதற்குப் போகிறது. அங்கன்வாடியின் எடை அட்டையில் கோடு மேலே ஏறாமல் படுத்துக்கிடப்பதற்கு இது ஒரு காரணம். வேறொரு வழியும் உண்டு, அது மூக்கு வழியே போவதில்லை. இந்தோனேசியாவின் நகர்ப்புற ஏழைக் குடும்பங்களில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், அப்பா புகைத்த வீடுகளில் வாராந்திரச் செலவில் 22 விழுக்காடு புகையிலைக்குப் போனது. அந்த வீட்டுக் குழந்தைகளிடம் சத்துக்குறைவு கூடுதல். முட்டைக்கும் பருப்புக்கும் போகவேண்டிய காசு கட்டுக் கட்டாகக் கரைந்தது. நாள்கூலியில் ஒரு பங்கை டீக்கடையில் விட்டுவரும் எந்த ஊருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

மெலிந்து பிறந்தவன் பிறகு தேறிக்கொள்வான் என்பார்கள். தேறுவது எப்படி என்பதில்தான் சிக்கல். 1989இல் இங்கிலாந்து மருத்துவர் டேவிட் பார்க்கர், ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் செவிலியர்கள் எழுதிவைத்த பழைய பதிவேடுகளை எடுத்து, எடை குறைந்து பிறந்த ஆண்கள் பின்னாளில் மாரடைப்பால் அதிகம் இறந்ததைக் காட்டினார். யாக்னிக் புனே கிராமங்களில் கண்டது இன்னொரு உண்மை: நம் குழந்தைகள் ஒல்லியாகப் பிறந்தாலும் அவர்களுடைய உடலில் தசைதான் குறைவு, கொழுப்பு அவ்வளவாகக் குறைவில்லை. கருவில் பட்டினி கண்ட உடல், கிடைப்பதைக் கொழுப்பாகச் சேமிக்கப் பழகிவிடுகிறது. பிறகு நன்றாகச் சாப்பிடும் காலம் வந்தால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. தாய் புகைத்த குழந்தைகள் பள்ளி வயதில் உடல் பருக்கும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு என்பது பல நாட்டு ஆய்வுகளின் முடிவு. அரிசிச் சோறே மூன்று வேளையும் என்று இருக்கும் டெல்டாவில், சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு பரவியிருக்கும் இந்தக் காலத்தில், கருவறையில் தொடங்கும் இந்தக் கணக்கை நாம் தள்ளிவைக்க முடியாது.

புகையில்லாத புகையிலையையும் சேர்த்துத்தான் பேசவேண்டும். கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலையும் சீவலும் நம் பெருமை. அதோடு நடவு வயலில் பெண்கள் ஒரு துண்டுப் புகையிலையையும் வாயில் அடக்கிக்கொள்வது உண்டு. பசி தெரியாது, இடுப்பு வலி தெரியாது என்பார்கள். மும்பையில் டாக்டர் பிரகாஷ் குப்தாவும் ஸ்ரீவித்யா சுப்பிரமணியும் 1,217 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து 2004இல் எழுதினார்கள்: புகையில்லாப் புகையிலை பயன்படுத்திய பெண்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து, 6 நாட்கள் முன்னதாகவே பிறந்தார்கள். வெற்றிலையைப் புகையிலை இல்லாமல் போடுங்கள் என்று சொல்ல ஒரு செவிலியருக்கு ஒரு நிமிடம் போதும்.

எப்போது நிறுத்தினால் பலன் உண்டு? இதில் நல்ல செய்தி இருக்கிறது. குழந்தையின் எடை பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் ஏறுகிறது. கர்ப்பத்தின் முற்பகுதியிலேயே புகைப்பதை விட்டுவிட்ட தாய்மாரின் குழந்தைகள், புகைக்காதவர்களின் குழந்தைகளுக்கு ஏறத்தாழ சமமான எடையோடு பிறக்கிறார்கள். பிறர் விடும் புகைக்கும் அதே நியாயம் பொருந்தும். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே வீட்டில் புகை நின்றால் மிக நல்லது. ஐந்தாம் மாதம் நின்றாலும் நல்லதுதான். நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போவாள். புருஷன் வீட்டில் புகை இருந்து தாய்வீட்டில் இல்லையென்றால் அது பெரிய பேறு. தாய்வீட்டில் அப்பாவோ அண்ணனோ குடித்தால் அவர்களும் அன்றே நிறுத்தவேண்டும். குழந்தை பிறந்து கணவன் வீட்டுக்குத் திரும்பும் மூன்றாம், ஐந்தாம் மாதமும் நெஞ்சு மென்மையாக இருக்கும் காலம்தான் என்பதை இரு வீட்டாரும் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

தாய்மார் ஒன்றை மட்டும் செய்யக்கூடாது. வீட்டில் புகை இருக்கிறதே என்று தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. புகை சூழ்ந்த வீட்டில் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குத்தான் தொற்றை எதிர்க்கும் வலு கூடுதல்.

சட்டம் எதுவரை வரும்? 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அதன்கீழ் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்கின்றன. பேருந்து நிலையத்தில், மருத்துவமனையில், உணவகத்தில் அது செல்லும். வீட்டு நிலைப்படியோடு சட்டம் நின்றுவிடுகிறது. கர்ப்பிணி அதிக நேரம் இருப்பதோ நிலைப்படிக்கு உள்ளே.

உள்ளே யார் பேசுவது? "ஏங்க, வெளிய போயி குடிங்க" என்று கணவனிடம் சொல்ல எத்தனை மருமகள்களால் முடியும்? மாமனாரிடம் சொல்ல எந்த மருமகளால் முடியும்? இந்தச் சுமையை அவள் தலையில் வைப்பது அநியாயம். கேரளத்தில் அச்சுத மேனன் சுகாதார ஆய்வு மையத்தைச் சேர்ந்த கே.ஆர். தங்கப்பனும் அவருடைய கூட்டாளிகளும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். தனித்தனிப் பெண்ணாக இல்லாமல், ஊர்ப் பெண்கள் கூடிப் பேசி, எங்கள் ஊர் வீடுகளுக்குள் இனிப் புகை கிடையாது என்று சேர்ந்து முடிவெடுத்தார்கள். ஆண்கள் பலர் அதை மதித்தார்கள். ஊர் முடிவாக வந்தால் அது மனைவியின் முணுமுணுப்பு ஆவதில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் கிராமங்களில் மகளிர் சுயஉதவிக் குழு இல்லாத தெரு இல்லை. அந்தக் குழுக்கள் இதைக் கையிலெடுக்கலாம். கிராம சுகாதார செவிலியர் கர்ப்பப் பதிவு எழுதும்போது தாயின் எடையையும் ரத்த அளவையும் கேட்பதைப்போல, "வீட்டுல யாரு யாரு பீடி சிகரெட்டு குடிக்கிறாங்க?" என்பதையும் கேட்டு, குடிப்பவரையே அழைத்து உட்காரவைத்துச் சொல்லலாம்.

பிள்ளை எதிர்பார்க்கும் அப்பாக்களிடம் நேராகவே ஒரு வார்த்தை. நிகோட்டின் ஒரு பழக்கம் மட்டுமில்லை, அது மூளையைப் பிடித்த அடிமைத்தனம். மனஉறுதி இல்லாததால் விடமுடியவில்லை என்று வெட்கப்பட வேண்டாம். உதவி கேட்டு விட்டவர்கள் ஏராளம். 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுப்பு எண்ணைக் கூப்பிட்டால் கட்டணம் கிடையாது. மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த இன்றைக்கே கூப்பிடுங்கள்.